வாரம் ஒரு காசும் ஓதம் ஏறிய சுவரும்

“அந்தப் பிளேன் காச அனுப்பி விட்டிருந்தா, நாலு கொத்தனாருக்கு ரெண்டு மாசம் வேலை கெடைச்சிருக்கும்ல தம்பி?”

செண்பகனூருக்குக் கொஞ்சம் கீழே, மலைப்பாதை வளைவில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா கேட்டது இது. அக்காவின் அம்மா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி வந்து, கடைசியில் இந்த மலையில் ஒதுங்கிய குடும்பம். ஆகவே தேயிலையைப் பற்றி அக்காவிடம் யாரும் வாய் திறக்க முடியாது. கோயிலைப் பற்றியும் அப்படித்தான்; ஞாயிறு பூசை தவறியதில்லை.

விஷயம் என்னவென்றால், அக்காவின் தங்கை மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டு போடுகிறவர். அந்த ஊரில் பழைய சிற்றாலயம் ஒன்று ஓதம் ஏறி நின்றது. போன வருடம் வெளிநாட்டுப் பங்கு ஒன்றின் கத்தோலிக்க மாதர் சங்கத்திலிருந்து ஆறு பெண்கள் சொந்தச் செலவில் வந்தார்கள். பன்னிரண்டு நாள் தங்கி, சுவரைச் சுரண்டி, ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்து, உள்ளும் புறமும் பளிச்சென்று வெள்ளையாக்கிவிட்டுப் போனார்கள். வழியனுப்பும்போது ஊரே அழுததாம். ஐப்பசி, கார்த்திகை போய்த் தை பிறந்ததும் பார்த்தால், வடக்குச் சுவர் தோசை போல உரிந்து வருகிறது.

“அறுபது வயசுக்காரி, ஏணி மேல ஏறி நின்னு சொரண்டுறா. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அதுக்காகப் புத்தி கெட்டுப் போயிருமா? சொல்லு.”

டீயை ஊற்றச் சொன்னேன். இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. காசு ஒரு பக்கம் இழுக்கிறது, சட்டம் இன்னொரு பக்கம், சுவர் மூன்றாவது பக்கம். முதலில் காசு. அதற்கு இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

பிரான்சில் லியோன் என்றொரு நகரம். நமக்குக் காஞ்சிபுரம் எப்படியோ, அவர்களுக்கு லியோன் அப்படி, பட்டு நெசவு. அங்கே பட்டு வியாபாரக் குடும்பத்தில் 1799ல் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. பெரிய வீட்டுப் பெண். ஆனால் அவர் தூர தேசத்து மிஷன்களுக்கு என்று கையேந்தியது பட்டாலைகளில் வேலை செய்த பெண்களிடம். வாரம் ஒரு சூ. சூ என்பது பிராங்கில் இருபதில் ஒரு பங்கு. நம் பழைய ஓரணா, ரெண்டணா மாதிரி சில்லறை. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு குழு, அதற்கு ஒருத்தி தலைவி. பத்துக் குழுவுக்கு ஒரு தலைவி, நூறு குழுவுக்கு ஒரு தலைவி. ஒருத்தி வருடம் முழுக்கக் கொடுத்தாலும் 52 சூ, அதாவது 2 பிராங்க் 60 சென்டிம். ஆயிரம் பெண்கள் கொடுத்தால் 2,600 பிராங்க். இந்த ஏற்பாட்டின் மேல்தான் 1822 மே 3 அன்று லியோனில் விசுவாசப் பரப்புதல் சபை தொடங்கியது. பிறகு அது பிரான்சைத் தாண்டிப் பல நாடுகளுக்குப் பரவியது.

“இது நம்ம பிடியரிசி” என்றார் அக்கா.

அதேதான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே பானையில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் கோயிலுக்கோ மடத்துக்கோ கொடுப்பது தமிழ்நாட்டில் எந்த மதத்துப் பெண்ணுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் காசு ஆண் கையில் இருந்த காலத்தில், அரிசிப்பானை பெண் கையில் இருந்தது. அவள் கணக்குக் கேட்காமல் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பிடியை. லியோன் பெண்ணுக்கு அந்த ஒரு சூ.

பவுலின் செய்ததில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அந்தச் சபை, மிஷனரிகள் எழுதிய கடிதங்களை அச்சிட்டு ஆண்டு மலர் மாதிரி வெளியிட்டது. பத்துப் பேர் குழுவுக்கு ஒரு பிரதி. ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். சீனா, வியட்நாம், நம் மதுரை. கொடுத்த காசு எங்கே போனது, அங்கே எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்தக் கூரை காற்றில் பறந்தது என்பதெல்லாம் தறிக்குப் பக்கத்தில் பேச்சாயிற்று. காசு ஒரு திசையில் போக, செய்தி எதிர்த் திசையில் வந்துகொண்டே இருந்தது. பின்னால் இது தேவைப்படும், மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“அந்தம்மா என்ன ஆனாங்க?”

தொழிலாளிகள் கௌரவமாக வாழ ஒரு முன்மாதிரி இரும்பாலை நடத்த வேண்டுமென்று ஆசைப்பட்டார். நம்பிக் கொடுத்த ஆட்கள் ஏமாற்றினார்கள். பலர் போட்ட பணமும் போனது. கடைசி வருடங்களை அந்தக் கடனை அடைப்பதிலேயே கழித்து, ஏழைகள் பட்டியலில் பெயர் எழுதப்பட்டவராக 1862 ஜனவரியில் இறந்தார். திருச்சபை அவருக்கு முக்திப்பேறு பட்டம் கொடுத்தது 2022 மே 22ல், 160 வருடம் கழித்து.

“சீட்டுக் கம்பெனிக்காரன் மாதிரி ஏமாத்திட்டான்” என்று அக்கா அடுப்பைக் கொஞ்சம் கோபமாகவே தூண்டினார்.

இங்கே வருவோம். சேசு சபை 1773ல் கலைக்கப்பட்டு, 1814ல் மறுபடி உயிர் பெற்றது. பழைய மதுரை மிஷனைப் பிடித்து நடத்த பிரெஞ்சு சேசு சபைச் சாமியார்கள் 1838 வாக்கில் வந்து சேர்ந்தார்கள். மறவநாட்டு வெயிலிலும் காலராவிலும் முதல் சில வருடங்களிலேயே பலர் இளம் வயதில் செத்தார்கள். அமெரிக்க புராட்டஸ்டண்ட் மிஷன்காரர்களுக்கும் இதே கதி. அவர்கள் முந்திக்கொண்டு 1845ல் கோடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டிவிட்டார்கள். ஏழாயிரம் அடி உயரம், கொசு இல்லை, காய்ச்சல் இல்லை. கோடைக்கானல் ஊராகப் பிறந்ததே உடம்பு தேற வந்தவர்களால்தான்.

கத்தோலிக்கர்கள் பின்னால் வந்தார்கள். லூயி செயின்ட் சீர் என்ற பிரெஞ்சு சாமியார் இந்த மலையில் 1860களில் ஒரு கோயில் கட்டினார். லெவிஞ்ச் துரை ஏரிக்குக் கரை போட்ட அதே பத்தாண்டு. கோயிலுக்கு அவர் வைத்த பெயர் சலேத் மாதா. பிரான்சில் ஆல்ப்ஸ் மலைமேல் லா சலேத் என்ற குக்கிராமத்தில், 1846 செப்டம்பரில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. மலைக்கு மலை மாதா. ஆகஸ்ட் 14, 15 திருவிழாவுக்கு மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து இன்றும் கூட்டம் ஏறுகிறது. பிறகு 1895ல் இதோ இங்கே செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி வந்தது. அந்தக் கருங்கல் கட்டடத்தில் பயின்று போன சாமியார்களுக்குக் கணக்கில்லை. மதுரை மிஷன், விசுவாசப் பரப்புதல் சபையின் உதவி பெற்ற மிஷன்களில் ஒன்று. காசில் பெயர் எழுதியிருக்காது. ஆனால் இந்த மலை மாவட்டத்துப் பழைய கோயில்களுக்குப் பின்னால், இந்தியாவை வரைபடத்தில்கூடப் பார்த்திராத நெசவுக்காரப் பெண்களின் சில்லறை நிற்கிறது. அக்காவின் ஆறு பேர், அந்தப் பெண்களின் பேத்திகள் முறை. ஒரு வித்தியாசம், பாட்டிகள் காசை அனுப்பினார்கள். பேத்திகள் தாங்களே வந்துவிட்டார்கள்.

வெளிநாட்டுப் பெண்மணி கோடைக்கானலில் கட்டடம் கட்டுவது கத்தோலிக்கர்களின் தனிச்சொத்தும் இல்லை. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனால் பலகையில் எழுதியிருக்கும்: 1936ல் கட்டியவர் லீலாவதி ராமநாதன் என்று. ஐரோப்பிய வம்சத்தில் பிறந்து, இந்து சமயம் தழுவி, யாழ்ப்பாணத்து சர் பொன்னம்பலம் ராமநாதனைக் கைப்பிடித்தவர். முருகனே ஒத்துக்கொண்டான், நமக்கென்ன.

சரி, கட்டியாயிற்று. எதை வைத்துக் கட்டினார்கள்? இதில்தான் உரிந்த தோசையின் ரகசியம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்த வத்தலக்குண்டு ரோடு கிடையாது. வண்டி ஓடும் மலைப்பாதை முழுமையானது முதல் உலகப் போரை ஒட்டித்தான். அதுவரை பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரைசானிகளை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். சாமான் எல்லாம் தலைச்சுமை, மட்டக்குதிரை, பொதிமாடு. ஆகவே மேலே கிடைப்பதை வைத்துத்தான் கட்ட முடியும். உடைத்த கருங்கல், செம்மண் சேறு, காட்டு மரம். கீழேயிருந்து சுமந்து வரத் தகுந்தது சுண்ணாம்பு. கனத்த கல்சுவர், நடுவே மண்சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் ஓடோ தகரமோ. மேல்மலைச் சிற்றாலயங்கள் இதே குடும்பத்துச் சின்னத் தம்பிகள்.

அக்காவிடம் ஒரு பொறை கேட்டேன். அதன் நுனியை மட்டும் டீயில் தொட்டு நிறுத்திப் பிடித்தேன். டீ தானாகப் பொறையின் மேலே ஏறியது.

“இதுதான் உங்க தங்கச்சி ஊர் கோயில் சுவர்.”

பொறையில் இருப்பது போல மண்சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. தரையில் இருக்கும் ஈரம் அவற்றின் வழியே மேலே ஏறும். இதைத்தான் ஓதம் என்கிறோம். பழைய கட்டடத்தில் இதைத் தடுக்க அடியில் எந்த ஏற்பாடும் இல்லை. பிறகு எப்படி 100, 150 வருடம் நின்றது? ஏறிய ஈரம் வெளியேற வழி இருந்தது. சுண்ணாம்புப் பூச்சும் துளை உள்ளதுதான். பகலில் வெயில் அடித்தால், காற்று வீசினால், சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். மழைக்காலத்தில் குடித்ததைக் கோடையில் கக்கும்.

இப்போது இந்த நனைந்த பொறையை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி வையுங்கள். மாலையில் பிரித்தால் கூழாக இருக்கும். சுவருக்கு வெளியே சிமென்ட் பூசுவதும், அதன்மேல் எமல்ஷன் பெயிண்ட் அடிப்பதும் அந்தக் கவர் போடுகிற வேலை. ஈரம் கீழேயிருந்து ஏறுவது நிற்காது. வெளியேறும் வாசல்தான் அடைபடும். அடைபட்ட ஈரம் பெயிண்டுக்குப் பின்னால் உப்பைச் சேர்க்கும், உப்புப் பூத்துப் பெயிண்டைத் தள்ளும், தோசை உரியும். உரிவதோடு நின்றால் பரவாயில்லை. உள்ளே மண்சாந்து கூழானால் கல் நகரும்.

கோடைக்கானலில் இது சமவெளியைவிட மோசம். இங்கே தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கு அதைவிட அதிகம் பெய்யும். நடுவில் மூடுபனி. ஐப்பசியிலிருந்து தை வரை வடக்குச் சுவருக்கு வெயிலே படுவதில்லை. அதனால்தான் அங்கே முதலில் உரிந்தது.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அக்கா. எங்கள் பாட்டி வீட்டில் பின்சுவர் பொரிந்துகொண்டே இருந்தது. ‘நல்லா கெட்டியா இருக்கட்டும்’ என்று நானே ஆள் வைத்து முழுசாகச் சிமென்ட் பூசினேன். இரண்டு வருடம் கழித்து ஈரம் நான்கடி உயரத்திலிருந்து ஏழடிக்கு ஏறியிருந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அரிசி மூட்டையை மட்டும் எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார்.

“அப்ப என்னதான் பூசணும்?”

எது முன்னால் இருந்ததோ அதையே. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு பிரிந்து போகும். தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்து, உடைந்து, வெண்ணெய் மாதிரி ஆகும். அதைப் பல நாள் ஊறவிட வேண்டும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. ஆற்றுமணல் சேர்த்து அரைத்து, நம் ஊர்க் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை விட்டுப் பிசைவார்கள். பூசிய பிறகு அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் திரும்பவும் கல்லாகும். காளவாயில் விட்டதைக் காற்றில் திருப்பி வாங்கிக்கொள்கிறது. இதற்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். அதுவரை வெயிலில் சட்டென்று காயாமல் ஈரச்சாக்குப் போட்டுக் காக்க வேண்டும், உறைபனி படக்கூடாது, அடைமழை அடிக்கக்கூடாது. இந்த மலையில் அதற்கு ஏற்ற காலம் மாசியிலிருந்து சித்திரை வரை. மார்கழி, தையில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், அப்போது பூசினால் பொரிந்துவிடும். வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுமுறை எப்போது? ஆகஸ்டிலும் டிசம்பரிலும். பன்னிரண்டு நாளில் முடிகிற வேலை எது? டப்பாவைத் திறந்து அடிக்கிற பெயிண்ட். அவர்கள் கெட்ட வேலை செய்ய வரவில்லை. அவர்கள் கையிலிருந்த நாட்களுக்குள் அடங்கிய வேலை அது ஒன்றுதான்.

அக்கா அடுத்த டீயை ஆற்றிக்கொண்டே, “அப்ப நான் சொன்னதுதான சரி? காச அனுப்பிருக்கலாம்” என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு விமானச் சீட்டு 90,000 என்று வைத்துக்கொண்டால் ஆறு பேருக்கு 5,40,000. கொத்தனாருக்கு 1,200, சித்தாளுக்கு 800 என்று ஒரு ஜோடிக்கு நாள் கூலி 2,000 வைத்தால், 270 நாள் வேலை. அக்காவின் நாலு கொத்தனார், ரெண்டு மாசம் என்பது ஏறத்தாழச் சரியாகவே வந்தது. டீக்கடைக்காரரிடம் கணக்குக் கற்பிக்கப் போகக்கூடாது.

ஆனால் அனுப்புவது அவ்வளவு லேசில்லை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, எஃப்.சி.ஆர்.ஏ. என்று சாமியார்கள் பேசிக்கொள்வது அதைத்தான். உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்த அமைப்பு மட்டும்தான், அல்லது முன்அனுமதி வாங்கியவர் மட்டும்தான் வெளிநாட்டுப் பணத்தைப் பெற முடியும். பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2020ல் திருத்தம் வந்து இன்னும் இறுகியது. பணம் எந்த ஊருக்கு வருவதானாலும் முதலில் புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் உள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. முக்கியமாக, பணம் பெற்ற அமைப்பு அதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது. முன்பு பதிவு பெற்ற பெரிய அமைப்பு வாங்கி, பதிவு பெற்ற சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. அந்த வழி அடைபட்டது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி போகும்போது உண்டியலில் ரூபாய் நோட்டாகப் போட்டால்? அதுவும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடைதான். ரூபாயா டாலரா என்று சட்டம் பார்ப்பதில்லை, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று பார்க்கிறது.

“அப்ப என் மகன் துபாயிலருந்து கோயிலுக்கு அனுப்பினானே!”

அது வேறு. அவன் கையில் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது. இந்தியக் குடிமகன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவனே நாளைக்கு வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை மாறிவிடும், அதே மகன், அதே கோயில் என்றாலும். அக்காவுக்கு நிம்மதி. மகன் பேரில் ஒரு மாலை வேண்டுதல் கூடியிருக்கும்.

வருவதற்கும் விதி உண்டு. மின்னணு சுற்றுலா விசாவில் வருகிறவர், கூலியோ வேறு பலனோ வாங்காமல், ஒரு மாதத்துக்கு மேற்படாமல் தன்னார்வ வேலை செய்யலாம். அதாவது சுவர் சுரண்டலாம். மதப் பிரசங்கம் செய்யக் கூடாது. மிஷனரிகளுக்கு வேறு விசா. ஆக, வாளியும் பிரஷ்ஷுமாக நின்ற அந்த அறுபது வயசு அம்மாள் சட்டப்படி செய்யத் தக்கதைத்தான் செய்தார். காசாகக் கொடுப்பதைவிட உடம்பால் உழைப்பது சட்டத்துக்கு லேசாகிவிட்டது. போதாததற்கு, 2024 மே மாதத்திலிருந்து கோடைக்கானல் ஏற இ-பாஸ் வேறு.

காசு எண்ணிப் பார்த்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இன்னொன்று. அந்த 5,40,000 சீட்டுக்காக எடுத்த பணம். ‘வராதே, அனுப்பு’ என்றால் அது முழுசாகக் கிளம்பி வந்துவிடும் என்று நினைப்பது வெகுளித்தனம். பாதி, ஸ்பெயின் கடற்கரைக்குப் போகும். இது என் சந்தேகம்தான், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “கோயிலுக்குன்னு எடுத்து வெச்சத யாரும் தின்ன மாட்டாங்க” என்றார். பிடியரிசிப் பானையில் கை வைக்காத பரம்பரை.

இப்படிப்பட்ட பெண்கள் சங்கங்கள் மேலைநாடுகளில் நூறு வருடத்துக்கு மேல் பழையவை. இங்கிலாந்தில் மார்கரெட் பிளெட்சர் கத்தோலிக்கப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியது 1906ல். உலகளவில் இத்தகைய அமைப்புகளின் ஒன்றியம் 1910ல் வந்தது. நம் பங்குகளில் மரியாயின் சேனை, மாதா சபை, அன்பியம். ஓய்வு பெற்ற டீச்சர், நர்ஸ், பேரன் எடுத்த பாட்டி. எந்த நாட்டுக்குப் போனாலும் கோயிலைக் கூட்டுவது, பீடத்துணி துவைப்பது, பூ வைப்பது இவர்கள்தான். தேர்ச்சி உள்ள வேலை அது. அதை விட்டுவிட்டு ஏன் சுவர் பூச வேண்டும் என்று நான் கேட்டுவிட்டேன். அக்கா கையிலிருந்த டபராவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என் மருமக இருபது வருசமா சித்தாளு. கலவை போடுறது அவ. மணல் ஜாஸ்தியா கம்மியான்னு கையில அள்ளிப் பாத்தே சொல்லிருவா. கொத்தனாரு அவகிட்டத்தான் கேப்பாரு. ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் அவ கையில கரணையக் குடுத்தது இல்ல. சாரத்துல ஏறுன்னு சொன்னது இல்ல, கல்லச் சொமந்துக்கிட்டு ஏறுன்னுதான் சொல்லிருக்கான். அந்த வெள்ளைக்காரியம்மா ஏணியில ஏறி நின்னப்ப இவ கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அன்னைக்கு ராத்திரி வந்து கேக்குறா, ‘அத்தை, அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?’ன்னு.”

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் பொறையைத் தின்றேன். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994லேயே வந்துவிட்டது. பதிவு, ஓய்வூதியம், பிள்ளைகளுக்குப் படிப்புதவி எல்லாம் உண்டு. பெண் கொத்தனார் பயிற்சிகளும் அங்கங்கே நடந்திருக்கின்றன. ஆனாலும் எந்தக் கட்டட வேலைக்குப் போய்ப் பார்த்தாலும் சாந்துச் சட்டி பெண் தலையில், ரசமட்டமும் தூக்குக்குண்டும் ஆண் கையில். சித்தாளாகச் சேரும் பையன் நான்கைந்து வருடத்தில் கொத்தனார் ஆகிறான். சித்தாளாகச் சேரும் பெண் சித்தாளாகவே மூப்பெய்துகிறாள். 160 வருடத்துக்கு முன் அந்த ஒற்றையடிப் பாதையில் சுண்ணாம்பு சுமந்து ஏறியவர்களுக்கும் இதே பங்குதான் கிடைத்திருக்கும். லியோன் பெண்களின் சூவுக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. தலைச்சுமைக்கு இல்லை.

ஆகவே அந்த ஆறு பேர் வந்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சுவருக்குச் செய்தது தப்பு. சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்த ஒருத்திக்கு என்ன செய்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

மறுபடி வந்தால் என்ன செய்யலாம்? அக்கா இதைக் கேட்டபோது கடையில் நாங்கள் இருவர்தான். காய்கறி லாரிக்காரர்கள் போய்விட்டார்கள். முதலில் கூரை. பழைய கட்டடத்தைக் கெடுப்பதில் ஓதத்துக்குத் தம்பி, அடைத்த தூம்பு. யூகலிப்டஸ் இலையும் சில்வர் ஓக் சருகும் கூரையோரத்துத் தகர வாய்க்காலில் விழுந்து மக்கும், தண்ணீர் வழிந்து சுவர்மேல் இறங்கும். அதை வருடத்தில் மூன்று தடவை அள்ளிப் போட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. இதற்கு விமானம் வேண்டாம், ஏணி போதும். அடுத்தது சுவரைச் சுற்றி. அழகுக்காகக் கோயிலைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தளம்தான் பல இடங்களில் வில்லன். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் போக வழியில்லாமல் சுவர் ஓரத்தில் தேங்கும். ஈரம் வெளியேற வேறு வழியில்லாமல் சுவரில் ஏறும். அதை ஓரடி அகலம் உடைத்து எடுத்து, ஜல்லி போட்டு, சரிவாக வடிகால் வெட்ட வேண்டும். ஆறு பேர் பன்னிரண்டு நாளில் தாராளமாகச் செய்யலாம். முதுகு வலிக்கும். போட்டோவுக்கு நன்றாக இருக்காது, ஒரு பள்ளத்துக்குள் யார் சிரித்துக்கொண்டு நிற்பது.

சுரண்டத் தெரிந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. பூசிய எமல்ஷனையும், ஏற்கெனவே யாரோ பூசிய சிமென்டையும் கல் பெயராமல் நோகாமல் எடுப்பது பொறுமை கேட்கும் வேலை. அவசரக்காரக் கொத்தனாரைவிடத் தையல் தெரிந்த பெண்கள் நன்றாகச் செய்வார்கள். எடுத்தபின் சுவரை ஒரு கோடை முழுக்க அப்படியே அம்மணமாக விட வேண்டும். கோயில் சுவர் பொரிந்த மேனியாக நிற்பதை ஊர் தாங்குமா என்பது வேறு கேள்வி. திருவிழா வந்தால் யாராவது ஒரு பெயிண்ட் டப்பாவோடு வந்துவிடுவார். காய்ந்த பிறகு, மாசியில், சுண்ணாம்பு. அப்போது அந்த ஆறு பேரும் அவரவர் ஊரில் இருப்பார்கள். பூச வேண்டியது இங்கே இருக்கிறவர்கள்.

அக்கா கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து செல்போனை எடுத்தார். தங்கை அனுப்பியதாம், நான்கு நாளாக இருக்கிறது, இங்கிலீஷ். படித்துச் சொல்லச் சொன்னார். ஏணியில் ஏறிய அம்மாள்தான் எழுதியிருந்தார். எல்லோரும் சுகமா, பூண்டு விலை எப்படி, மழை அதிகம் என்று கேள்விப்பட்டோம், சுவர் நன்றாக இருக்கிறதா.

“நாலு நாளா பதில் போடலையா?”

“உரிஞ்சு போச்சுன்னு எப்படிச் சொல்றது? மனசு நொந்து போயிருவாங்கன்னு தங்கச்சி யோசிக்கிறா. நல்லா இருக்குன்னு போட்டுரலாமான்னு கேட்டா.”

லியோனில் பத்துப் பேருக்கு ஒரு பிரதி என்று கடிதம் போனதை நினைவுபடுத்தினேன். கூரை பறந்தால் பறந்தது என்றுதான் சாமியார்கள் எழுதினார்கள். அக்கா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். ஒரு டூரிஸ்ட் வேன் ஆரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது.

“சரி, உண்மையவே போடு. உரிஞ்சிருச்சுன்னு போடு. வடக்குச் சுவரு போட்டோ ஒண்ணு தங்கச்சிகிட்ட வாங்கித் தரேன், அதையும் சேத்து அனுப்பு. அடுத்த தடவ பெயிண்டு வேணாம், மம்பட்டி புடிக்கத் தெரிஞ்சவங்களா வாங்கன்னு போடு. அப்புறம்...” என்று நிறுத்தினார்.

“அப்புறம்?”

“ஏணிய எங்க வாங்குனாங்கன்னு கேளு. மடிச்சு வெக்கிற ஏணி அது. போகும்போது கையோட கொண்டு போயிட்டாங்க.”